நாலு செகண்ட்

ஹலோ... அக்கா, நான்தான், கேக்குதா?... ஆமா, ஆமா, டிக்கெட் கிடைச்சிருச்சு. நாளைக்குக் காலையில அங்க இருப்பேன். அப்பாவை நான் வர்ற வரைக்கும் எடுத்துட மாட்டீங்களே?... சரி. சரிக்கா... சாப்பிட்டேன்... இல்ல, சாப்பிடல. நீ மட்டும் சாப்பிட்டியாக்கும்.

அக்கா, ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லு. நேத்து அனுப்பின புது புரோகிராம்... அதான், அவர் டைப் பண்ணா அவர் குரல்லயே பேசுறது... திறந்ததுமே மூடிக்கிச்சா?... எத்தனை தடவை?... ம்.

இல்ல, நீ எதையும் தப்பா அமுக்கல. பேச விடுக்கா. தொண்டை ஆபரேஷனுக்கு அப்புறம் அவர் ஒண்ணு டைப் பண்ணா, குரல் வர நாலு செகண்ட் ஆகும்ல. அதுக்குள்ள நாமெல்லாம் வேற பேச்சுக்குப் போயிடுவோம். அவர் ஜோக்குக்குச் சிரிக்கக்கூட ஆள் இருக்காது... ஆமா, டைப் பண்றதையே விட்டுட்டார். அதனாலதான் மூணு மாசம் உக்காந்தேன். குரலை உண்டாக்க ஒவ்வொரு எண்ணா போட்ட கணக்கை, எட்டெட்டா ஒரே அடியில போட வெச்சேன். பிராசசர்ல அதுக்குன்னே கட்டளை இருக்கு... செங்கலை ஒண்ணொண்ணா தூக்காம கூடையில அள்ளுற மாதிரி. என் மெஷின்ல பறந்துச்சு. அப்பாவோட பழைய லேப்டாப்புக்கு அந்தக் கட்டளையே தெரியாதுக்கா. அதான் நின்னுடுச்சு.

இல்ல, பழைய மெஷின்ல நான் ஓட்டிப் பாக்கல. ஆபீஸ்ல எல்லார்கிட்டயும், பழைய மெஷின்ல ஓட்டிப் பாருங்கன்னு கத்துறவன் நான். ஊருக்குத்தான் உபதேசம்... பழைய புரோகிராமை அழிச்சுடுன்னு சொன்னதும் நான்தானே. கடைசி நாள்ல அவர் வாயை நானே அடைச்சுட்டேன்... அழாதக்கா.

அது ஓடலன்னு காலையிலயே ஏன் போன் பண்ணல?... அவரா வேண்டாம்னார்? கையைக் காட்டியா?... எழுதி வெச்சிருக்காரா? லேப்டாப்லயா? அழிக்காத. மூடாத. படி, நான் இங்க என் மெஷின்ல டைப் பண்றேன்... "சின்னவனை எழுப்பாதே"... ம்... "ராத்திரியெல்லாம் உக்காந்திருப்பான்"... மெதுவாக்கா, ப்ளீஸ்... "எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

இரு, போனை ஸ்பீக்கர்கிட்ட வைக்கிறேன்.

...கேட்டுச்சா?... ஆமா. அப்பாதான்... ஆமாக்கா, அந்த இழுவைகூட அப்படியே.

அமுக்கினதும் வந்துடுச்சு. நாலு செகண்டுக்குள்ள பேசி முடிஞ்சும் போச்சு... இன்னொரு தடவையா?... இல்லக்கா. தாங்காது. வெச்சுடுறேன்.