ஆமினா ஹத்தாத்

ஓடுகிறேன். பின்னால் நான் வந்த பஸ் எரிகிறது. டயர் வெடிக்கிறது. ஒன்று. இன்னொன்று. கடைகளின் ஷட்டர்கள் தடதடவென்று இறங்குகின்றன.

எண்பதுகளின் தொடக்கம். வெள்ளிக்கிழமை மாலை. நிஜாம் ஆண்ட ஊரில், ஷாலிபண்டா. நான் லாலாகுடாவில் குடியிருப்பவள். ஆபீஸ் வேலையாகப் பழைய நகரத்துக்குப் போயிருந்தேன்.

ஒரு கதவு திறந்தது. "அந்தர் ஆவ்! ஜல்தி!" ஒரு கை என்னை உள்ளே இழுத்தது.

அவர் பெயர் சல்மா. கணவரை இழந்தவர். ஒரே மகள். அவள் அன்று காலை ஆற்றுக்கு அந்தப்புறம் அத்தை வீட்டுக்குப் போயிருந்தாள். அங்கே கலவரம் இல்லை, பத்திரமாக இருப்பாள் என்றார்.

என் பொட்டைத் துடைத்தார். தாலியை ரவிக்கைக்குள் விடச் சொன்னார். மகளின் பர்தாவை மாட்டிவிட்டார். மகளின் பெயரையும் கொடுத்தார். ஆமினா ஹத்தாத்.

'ஹ' தொண்டையின் அடியிலிருந்து வர வேண்டும். எனக்கு வரவில்லை. மறுபடி சொல்லச் சொன்னார். வெளியே கற்கள் விழுகின்றன. ஆமினா என்றால் அச்சமில்லாதவள், பத்திரமாக இருப்பவள். நபியின் தாயார் பெயர். கணவர் ஆசையாக வைத்தது. ஹத்தாத் என்றால் இரும்படிப்பவர். ஏமன் பக்கம் ஹத்ரமௌத்திலிருந்து நிஜாமின் படைக்கு வந்த குடும்பம். யாராவது துருவிக் கேட்டால் நான் தடுமாறக் கூடாதாம்.

இருட்டும் முன்பே கதவு தட்டப்பட்டது. வேற்றுத் தெரு ஆட்கள். ஓடிவந்தவள் யார் என்று கேட்டார்கள். என் மகள் என்றார் சல்மா. பெயரை அவளே சொல்லட்டும் என்றது ஒரு குரல். சொன்னேன். போய்விட்டார்கள்.

ஊரடங்கு. ரொட்டி. பால் இல்லாத டீ. சல்மா என்னை ஆமினா என்றே கூப்பிட்டார். ஆமாம் என்பதற்கு ஹவ் அம்மா என்றேன். பயம் இல்லை. எதுவுமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சல்மாவின் தம்பி வந்தார். கலவரம் என்று கேள்விப்பட்டதும் ஆமினா அம்மாவிடம் போகவேண்டும் என்று கிளம்பியிருக்கிறாள். பாலத்துக்கு அருகே வேறொரு கும்பல். அவளிடமும் பெயர் கேட்டிருக்கிறார்கள். சொல்லியிருக்கிறாள்.

சல்மா அழவில்லை. நானும் அழவில்லை.

மதியம் போலீஸ் வேன் வந்தது. மாட்டிக்கொண்டவர்களை வீட்டில் விடுவதற்காக. பெயர் என்ன என்றார் போலீஸ்காரர். ஆமினா ஹத்தாத் என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

சல்மா எனக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"நக்கோ பேட்டி, வேணாம் மகளே," என்றார். "இனிமே உன் பேரைச் சொல்லு."

சரஸ்வதி என்றேன்.

என் கைப்பை பஸ்ஸோடு போயிற்று. கண்டக்டர் இறந்தார். பின் சீட்டில் இருந்த முதியவரும். இருவர் பெயரும் எனக்குத் தெரியாது. பாலத்தருகே ஆமினா. வயது பத்தொன்பது. அவள் முகத்தை நான் பார்த்ததே இல்லை.