ஆட்டம் அடக்கிற கொழுக்கி

இல்லைத் தம்பி, விலையை இப்ப சொல்லாதேங்கோ. விலை கேக்கவெண்டு வந்த ஆள் நானில்லை. மூண்டு விதம் இருக்கெண்டு சொன்னியளெல்லே, மூண்டையும் எடுத்து இந்த மேசையில வையுங்கோ. ஓம், அப்பிடித்தான். ம்... வடிவாத்தான் இருக்கு. ஒரு இரும்புத் துண்டைப் பாத்து வடிவெண்டு சொல்லுற நிலைமைக்கு வந்திட்டன் பாருங்கோ. போன கோடையில இருந்து எங்கட வீட்டில காலமைச் சாப்பாடும் இதுதான், பின்னேரச் செய்தியும் இதுதான்.

சட்டையில பென்ஜமின் எண்டு கிடக்கு. தமிழ்ப் பிள்ளையெண்டு நான் முகத்தைப் பாத்தே பிடிச்சிட்டன். ஊரில எவடம்? மன்னாரோ? ஆ, அம்மா அப்பாதான் மன்னார், நீங்கள் இஞ்ச ஜேர்மனியில, எசனிலயே பிறந்தனீங்கள். சரி சரி, அதுக்கு நல்லாக் கதைக்கிறியள். நான் சுபத்ரா. வெளியில காருக்குப் பின்னால நிக்கிற வெள்ளை வோன்வாகன், உந்தச் சில்லு வைச்ச குட்டி வீடு, எங்கடதான். ஓம், கோணலா விட்டது நான்தான். ரெண்டு பேரின்ர இடத்தைப் பிடிச்சிட்டன், குறை நினைக்காதேங்கோ.

காருக்குள்ள பக்கத்துச் சீற்றில போனைப் பாத்துக்கொண்டு இருக்கிறாரே, அவர்தான் என்ர மனுசன், ஞானசுந்தரம். ஐயோ, கூப்பிடாதேங்கோ! இப்ப வேண்டாம். அவர் உள்ளுக்கு வந்தா நீங்கள் இண்டைக்குக் கடை பூட்டின மாதிரித்தான். முதல் நான் கதைச்சு முடிக்கிறன். எனக்கு ஒரேயொரு விசயம் நடக்கோணும். இண்டைக்கு நீங்கள் காரோட கொழுவுற இடத்தில ஒரு குப்ளுங் பூட்டோணும். பூட்டின கையோட அவர்தான் இந்த வோன்வாகனை வீட்டை ஓட்டிக்கொண்டு போகோணும். சரியான குப்ளுங் கிடைக்கும் வரைக்கும் ஸ்டியரிங்கில கை வைக்கிறேல்லை எண்டு மனுசன் விரதம் பிடிக்கிறார். கந்த சஷ்டிக்குக்கூட இவர் இப்பிடிப் பிடிச்சதில்லை. அதில மூண்டாம் நாளே இறைச்சி ரோல்ஸ் கடிச்சவர்.

நான் இதைக் கொழுக்கி எண்டு சொன்னா அவருக்குக் கோவம் வரும். கொழுக்கி இல்லையாம், ஆன்டிஷ்லிங்கர் குப்ளுங்காம். பின்னால வாற வோன்வாகன் அங்கயும் இங்கயும் ஆடாமல் பிடிச்சு வைக்கிற சாமானாம். சரி, ஆட்டம் அடக்கிற கொழுக்கி. நீங்களும் சிரிக்கிறியள். சிரியுங்கோ, காசில்லையே.

அப்ப கேளுங்கோ. உந்த முதலாவது, கார்ப் பின்பக்கத்து உருண்டையை உள்ளுக்க இறுக்கிப் பிடிக்கிறது, அது அவருக்குச் சரிவராது. உருண்டையில துளி கிரீஸ் இருந்தாலும் வழுக்குமாம். துடைச்சா முடிஞ்சுது எண்டு நான் சொன்னா, ஆர் துடைச்சதெண்டு எப்பிடி நிச்சயப்படுத்திறது எண்டு கேக்கிறார். நீதானே துடைக்கப்போறாய் மனுசா? ரெண்டாவது, எங்கட வோன்வாகனின்ர பழைய இரும்புச் சட்டத்துக்குப் பொருந்துமோ எண்டு சந்தேகம். மூண்டாவது கறண்டில வேலை செய்யிறது, ஆடத் தொடங்கினா தானாப் பிரேக் பிடிக்குமாம். கறண்டை நம்பேலாதாம். கறண்டை நம்பாத இந்த மனுசன், வுப்பர்டாலில தங்கச்சி வீட்டை போகேக்க அந்த ஆத்துக்கு மேல தொங்கிக்கொண்டு ஓடுற ரெயினில கால் மேல கால் போட்டுக்கொண்டு இருக்கிறார். அது ஆடுற ஆட்டத்துக்கு நான் கம்பியை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிப்பன். அவர் யன்னலால ஆத்தைப் பாத்து, என்ன வடிவெண்டு சொல்லுறார்.

இன்ரநெற்றில வோன்வாகன்காரர் கூடிக் கதைக்கிற இடம் ஒண்டு இருக்குத் தம்பி, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அங்க இவர் பெரிய பேராசிரியர். பவேரியாவில இருந்து ஒரு வெள்ளைக்காரன், இன்ன காருக்கு இன்ன வோன்வாகன், எதைப் பூட்டட்டும் எண்டு கேக்கிறான். இவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு, கணக்குப் பாத்து, மரியாதையாப் பதில் எழுதுறார். அவன் பூட்டிக்கொண்டு இத்தாலிக்குப் போய்ப் படம் அனுப்புறான், கடற்கரையில பெண்சாதி பிள்ளையளோட. ஞானசுந்தரத்துக்கு நன்றியாம். ஜேர்மனி முழுக்க இவற்ற சொல்லைக் கேட்டுக் கொழுவி ஓடுது. கொழுவாத ஆள் இவர் ஒராள்தான்.

பேந்து, இவற்ற தமையன் ஒராள் இருக்கிறார் ரொறன்ரோவில, விஜயரத்தினம். தம்பி வோன்வாகன் வாங்கினது தெரிஞ்ச நாளில இருந்து அவர் இதில ஒரு பங்குதாரர். கனடாவில எல்லாரும் பாரம் பிரிக்கிற கொழுக்கியாம் பூட்டுறது. ரெண்டு பக்கமும் ரெண்டு இரும்புக் கம்பி. காரின்ர பின்பக்கம் பதியாமல் அந்தக் கம்பி தூக்கிப் பிடிச்சு, பாரத்தை முன் சில்லுக்கும் பிரிச்சுக் குடுக்குமாம். நீங்கள் ஜேர்மனியில இன்னும் மாட்டு வண்டில்தான் கட்டுறியளோ எண்டு கேட்டுப்போட்டு, கப்பலில ஒண்டை அனுப்பியே விட்டார். வந்தது. சுங்கத்துக்கு அழவேண்டியதை அழுது எடுத்தம். வாகனம் சோதிக்கிற இடத்துக்கு இவர் தூக்கிக்கொண்டு போக, அங்க நிண்ட மனிசன் ஒருக்காப் பாத்தான், ரெண்டாந்தரம் பாக்கேல்லை. எங்கட வோன்வாகன், கார் பிரேக் பிடிக்க முன்னால தள்ளிக்கொண்டு வந்துதானே தானும் பிரேக் பிடிக்கிறது? உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தக் கம்பி பூட்டினா தள்ளேலாது, தள்ளாட்டில் பிரேக் இல்லை, கொண்டு போங்கோ எண்டிட்டான். இப்ப அந்த ரெண்டு கம்பியிலயும் என்ர பாகற்கொடி படருது. பாரம் நல்லாத்தான் பிரியுது, பொய் சொல்லக்கூடாது. ரெண்டு பக்கமும் சமனாக் காய்க்குது.

என்ன, குப்ளுங் தேடத் தொடங்க முதல் எங்கயும் போகேல்லையோ எண்டு கேக்கிறியளோ? போனனாங்களே. ஒரேயொரு தரம்.

டென்மார்க்குக்கு வெளிக்கிட்டனாங்கள். கடற்கரையில ரெண்டு கிழமை. எங்கட ஆக்கள் போறதெண்டா எப்பிடியெண்டு தெரியுந்தானே. வெள்ளைக்காரன் ரெண்டு காற்சட்டையும் ஒரு புத்தகமும் கொண்டு போவான். நாங்கள் இருவது கிலோ அரிசி ரெண்டு மூட்டை, கிரைண்டர், இடியப்பத் தட்டு, கறிச்சட்டி, தூள், தண்ணிக் கான், வழியில வாங்கேலாதெண்டு ஒரு பெட்டி மாம்பழம். டென்மார்க்கில பஞ்சமெண்டு ஆரோ சொன்ன மாதிரி. எல்லாத்தையும் முதல் முன்பக்கத்திலதான் அடுக்கினது. இவர் குளியலறைத் தராசைக் கொண்டுவந்து வோன்வாகன் காரில கொழுவுற மூக்கடியில வைச்சு நிறுத்தார். கூடிப்போச்சு. காருக்கு அவ்வளவு பாரம் தாங்க அனுமதியில்லை. உடன ரொறன்ரோவுக்கு வீடியோ. தமையன் அங்க காலமைத் தேத்தண்ணியோட இருந்து, தம்பி, பாரத்தைப் பிரி, பாரத்தைப் பிரி எண்டுறார். கம்பி இல்லாட்டில் கையால பிரிக்கிறதுதானே? இவர் அரிசி, கிரைண்டர், தண்ணி எல்லாத்தையும் தூக்கிக்கொண்டுபோய் ஆகப் பின்னுக்கு, கட்டிலுக்குக் கீழ வைச்சார். திரும்ப நிறுத்தார். முள்ளு நல்லா இறங்கிட்டுது. முகத்தில ஒரு சந்தோசம் பாக்கோணும், கலியாணத்தண்டுகூட நான் காணேல்லை.

ஓம். உங்கட முகம் போற போக்கைப் பாக்க விளங்குது, உங்களுக்கு மிச்சம் சொல்லத் தேவையில்லை. பின்னுக்குப் பாரம் வைச்சா வால் ஆடும். இப்ப எனக்கும் தெரியும். அப்ப தெரியேல்லை.

பிரேமனுக்குக் கிட்ட, ஓட்டோபானில ஒரு லொறியை முந்தினவர். லொறியைத் தாண்டேக்க காத்து ஒரு அடி அடிச்சுது. பிறகு பின்னால ஆரோ பிடிச்சு ஆட்டுற மாதிரி. முதல் சின்னனா, பேந்து பெரிசா. நான் என்ர பக்கத்து யன்னலால பாக்கிறன், எங்கட வோன்வாகன் எனக்குப் பக்கத்தில வருது தம்பி. பின்னால வரவேண்டியது பக்கத்தில வருது. இவர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிச்சபடி. எப்பிடியோ கரையில கொண்டுவந்து நிப்பாட்டினார், வோன்வாகன் ஓரக் கம்பியில உரசி, கார் பாதி திரும்பி. ஒருத்தருக்கும் ஒரு கீறலும் இல்லை. மாம்பழம்கூட நசியேல்லை. பொலிஸ்காரன் வந்து, உங்களுக்கு நல்ல காலமெண்டு சொல்லிப்போட்டு, உள்ளுக்குத் திறந்து பாத்தான். அரிசி மூட்டையைத் தொட்டுப் பாத்தான். இவரைப் பாத்தான். ரெண்டு வசனம் ஏசியிருந்தா நல்லாயிருந்திருக்கும்.

அண்டைக்கு இழுவைக்காரன்தான் எங்களை வீட்டை கொண்டு வந்து விட்டவன். அடுத்த நாள் தொடங்கினது இந்தக் குப்ளுங் ஆராய்ச்சி.

கோயிலில, கலியாண வீட்டில எல்லாம் சனம் கேக்குது. வோன்வாகன் வாங்கினியளாம், எங்க எங்க போனனீங்கள்? நான் சொல்லுவன், எங்கட ஒழுங்கையின்ர அந்தத் தொங்கல் வரைக்கும் போனனாங்கள் எண்டு. உண்மைதான். இந்த நாட்டில கழட்டின வோன்வாகனை ரோட்டில ஒரே இடத்தில ரெண்டு கிழமைக்கு மேல விடேலாதெல்லே? எங்கட முன்வீட்டு மனிசி அதுக்கெண்டே கலண்டர் வைச்சிருக்கிறா. அசைக்கோணும். அவர் தொடமாட்டார், சரியான குப்ளுங் வரட்டுமெண்டுறார். அப்ப ஆர்? நான்தான். கொழுவப் பழகினன், பின்னுக்கு எடுக்கப் பழகினன், முன்வீட்டு மனிசியின்ர பூச்சாடி ரெண்டை உடைச்சன். இண்டைக்கு இஞ்ச ஓட்டிக்கொண்டு வந்ததும் நான்தான். எனக்குப் பின்னால எசன் முழுக்க வரிசையா வந்தது. ஒருத்தன் ஹோர்ன் அடிச்சான். அடியடா எண்டு வந்திட்டன். இவர் பக்கத்தில இருந்து குப்ளுங் வாசிக்கிறார். ஆனா நான் ஒவ்வொரு சிவப்பு லைற்றிலயும் நிப்பாட்டேக்க, அவற்ற கால் தரையை மிதிக்குது. எனக்கு முதலே மிதிக்குது.

எது பூட்டிறதோ? எதையெண்டாலும் பூட்டுங்கோ தம்பி. முதலாவதே காணும்.

இல்லை, பகிடி விடேல்லை. பழசில பிழையில்லை எண்டு எனக்குத் தெரியும். உங்களுக்கு முதல் மூண்டு கடையில காட்டிட்டன். பிழை குப்ளுங்கில இல்லை, அரிசியில எண்டு மூண்டு பேரும் சொல்லிட்டினம். அவருக்கும் தெரியும். தெரிஞ்சபடியாத்தான் தேடுறார்.

அவருக்கு என்ன வேலையோ? நான் சொல்லேல்லையே? பஸ் ஓடுறவர். இந்த எசனிலதான், எங்கட மூத்தது பிறந்த காலத்தில இருந்து. சும்மா பஸ் இல்லை, நடுவில மடியிற நீட்டுப் பஸ். பின்துண்டு எங்க வருதெண்டு கண்ணாடி பாக்காமலே சொல்லுவார். ஒரு சைக்கிளில கூட முட்டேல்லை. அதுக்குப் பாராட்டி ஒரு மணிக்கூடு குடுத்தவங்கள், ஹோலில தொங்குது. பிரேமனில வோன்வாகன் ஆடின அண்டைக்குப் பிறகு பஸ்ஸிலயும் ஏறேல்லை, காரிலயும் ஸ்டியரிங் பக்கம் இருக்கேல்லை. வேலையில சுகமில்லை எண்டு கடதாசி. சனத்துக்குக் குப்ளுங் தேடுறார் எண்டு கதை. நானும் அந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டு திரியிறன். நல்லாத்தானே சொன்னனான்? நீங்களும் சிரிச்சனீங்கள்.

வாற திங்கள் டிப்போவில ஒருக்கா ஓடிக் காட்டோணும். ஓடாட்டில் பஸ் கழுவுற இடத்தில வேலை தருவினமாம். அந்த மணிக்கூட்டையும் கழட்டவேண்டியதுதான்.

அதால ஒரு உதவி. பழசைக் கழட்டேக்க அவரைப் பக்கத்தில கூப்பிட்டு, அண்ணை, இது தேஞ்சு போச்சு, இதோட ஆர் ஓடியிருந்தாலும் ஆடியிருக்கும், நீங்கள் நிப்பாட்டினதே பெரிய காரியம் எண்டு சொல்லுங்கோ. அவ்வளவுதான். பொய்தான். அதுவும் பாதிப் பொய். நிப்பாட்டினது மெய்தானே? முதல் மூண்டு கடைக்காரரிட்டயும் இதைத்தான் கேட்டனான். வெள்ளைக்காரன் பொய் சொல்லமாட்டானாம், அதுக்கும் ஒரு அன்ராக் படிவம் நிரப்பிக் குடுக்கோணும் போல. பேந்து கோயிலில விசாரிச்சன், வோன்வாகன் திருத்திற தமிழ்ப் பெடியள் ஆரும் இருக்கினமோ எண்டு. முகத்தைப் பாத்துப் பிடிச்சனான் எண்டது சும்மா.

திரும்பவும் பின்னுக்குப் பாரம் வைப்பாரோ எண்டு பயப்பிடாதேங்கோ. சாமான் ஏத்துறது இனி என்ர பொறுப்பு. அரிசி நடுவில, சில்லுக்கு மேல. கிரைண்டர் வீட்டில நிக்கும். டென்மார்க்கில தோசை இல்லாட்டில் ஒருத்தரும் சாகமாட்டினம்.

நன்றி அப்பன். இந்தாங்கோ, கார்த் திறப்பு. பூட்டி முடிய இதை நீங்கள்தான் அவற்ற கையில குடுக்கோணும். நான் நீட்டினா வாங்கமாட்டார், வீட்டில எத்தினை தரம் நீட்டிப் பாத்தாச்சு. நீங்கள் நீட்டினா வாங்குவார். இன்னொரு தமிழனுக்கு முன்னால, எனக்குப் பயமாயிருக்கெண்டு சொல்லுற ஆள் இல்லை அவர்.

இப்ப கூப்பிடுங்கோ. அவர் இறங்கி இஞ்சால வர, நான் அங்கால போய் அந்தப் பக்கத்துச் சீற்றில ஏறி இருந்து பெல்ற்றைப் போட்டிடுவன். பிறகு அவருக்கு முன்னுக்கு இருக்க ஒரு சீற்றுத்தானே மிச்சம்.