பங்களாக் காரின் ஆயில் சீல்

யோகமலர்: போன கிழமை தோட்டத்துத் தொரையோட பங்களாக் கார்ல இருந்து கழட்டின ஆயில் சீலக் குடுங்க ராசிக் நானா. வாங்காம போகமாட்டேன்.

ராசிக்: ...இதக் கேக்கச் சொல்லி செல்லசாமி அண்ணனா அனுப்பினாரு?

யோகமலர்: அப்பா எங்க அனுப்பினாரு? ஹட்டன் கராஜ் பக்கம் போனா எதை வேணாலும் பேசு, கழட்டின சாமானை மட்டும் கேட்டுறாதேன்னாரு. அதான் வந்தேன்.

ராசிக்: கேக்காதேன்னா கேக்கக் கூடாதுன்னு அர்த்தம் புள்ள. கேம்பஸ்ல அதச் சொல்லித் தரலியா?

யோகமலர்: ஏன் கேக்கக் கூடாதுன்னு கேக்கத்தான் சொல்லித் தந்தாங்க.

ராசிக்: கராஜுக்காரன்கிட்ட பழச எங்கேன்னு கேட்டா, நீ மாத்தாமலே மாத்தினேன்னு பொய் சொன்னியான்னு மூஞ்சிக்கு நேரா கேக்குற மாதிரி.

யோகமலர்: மாத்தினீங்களா?

ராசிக்: பாத்தியா... பாத்தியா.

யோகமலர்: எப்பவும் கேக்காமலே வருமே நானா. புதுசு வந்த பெட்டியில பழசப் போட்டு, நூல் கட்டி, அப்பா கையில குடுப்பீங்க. அவரு கொண்டுபோய் தோட்டத்து ஆபீஸ்ல பெரிய கிளாக்கர் மேசையில வைப்பாரு. லொறி பெல்ட்டுக்கும் அப்படித்தான், டிராக்டர் பேரிங்குக்கும் அப்படித்தான். போன மாசம் இதே பென்ஸுக்கு சீல் மாத்தினப்பக்கூட வந்துச்சு. இந்தத் தடவை மட்டும் ஏன் வரல?

ராசிக்: மறந்திட்டன்.

யோகமலர்: நீங்களா?

ராசிக்: ...தள்ளி நில்லு. உடுப்புல கிரீஸ் பட்டிரும்.

யோகமலர்: பட்டா கழுவிக்கிறேன். நாளைக்கு அப்பாவுக்கு விசாரணை. டிரைவர் ஆயில் பாக்காம ஓட்டினதால எஞ்சின் இறுகிப்போச்சாம். குத்தம்னு ஆயிருச்சுன்னா வேலையும் போச்சு, நாங்க இருக்கிற டிரைவர் வீடும் போச்சு. நீங்க என்னடான்னா கிரீஸப் பத்திப் பேசுறீங்க.

ராசிக்: வயசான காரு. இருபத்தஞ்சு வருசம் ஓடினா எதுவும் ஒழுகும்.

யோகமலர்: அன்னைக்கு அப்பா நானுஓயா ஸ்டேசனுக்குக் கெளம்பும்போது ஆயில் கம்பிய இழுத்துப் பாத்தாரு. அளவு சரியா இருந்துச்சு. திரும்பி வர்ற ஏத்தத்துல எஞ்சின் நின்னுருச்சு. அவ்வளவு தூரத்துக்குள்ள அத்தனை ஆயிலும் எங்க போச்சு?

ராசிக்: ரோட்டுல போயிருக்கும்.

யோகமலர்: போன மாசம்தான் புது சீல் போட்ட காருல இருந்தா?

உம்மு குல்சும்: யாரு, செல்லசாமி அண்ணன்ட மகளா? இந்தாங்க, பிளேன்டி குடிங்க. இஞ்சி தட்டிப் போட்டிருக்கேன். எங்க வீட்டுக்காரரோட கத்தி தொண்ட வத்தியிருக்குமே.

யோகமலர்: நான் இன்னும் கத்த ஆரம்பிக்கல குல்சும் அக்கா.

உம்மு குல்சும்: ஒங்களுக்கு ஆபீஸ்ல கிளாக்கர் வேல கெடச்சிருக்காமே. திங்கக்கிழமையிலருந்தாம். தலவாக்கலை வரைக்கும் அதான் பேச்சு...

ராசிக்: குல்சும், அடுப்பப் பாரு.

யோகமலர்: நல்ல சேதிதானே சொன்னாங்க. எதுக்கு வெரட்டுறீங்க?

ராசிக்: நான் ஒண்ணும் வெரட்டல.

யோகமலர்: ஒங்க மேல எனக்கு இருக்கிற சந்தேகத்த வெளிப்படையாச் சொல்லிர்றேன். போன மாசம் எங்கயோ கெடந்த பழச கழுவித் தொடச்சு மாட்டிட்டு, புதுசு போட்டதாச் சொல்லிட்டீங்க. அதுக்கு எங்கப்பா பலியாகுறாரு.

ராசிக்: வாய அளந்து பேசு. இந்த டவுன்ல எவனும் என்னய அப்படிச் சொன்னதில்ல. குல்சும், மேல் தட்டுல, பெயின்ட் டின்னுக்குப் பின்னால ஒரு பெட்டி இருக்கு, எடு.

உம்மு குல்சும்: எது, அந்தத் தக்கை கெடக்குற பெட்டியா?

ராசிக்: ...சீல் கெடக்குற பெட்டி.

உம்மு குல்சும்: ரெண்டும் ஒண்ணாத்தானே கெடக்கு.

ராசிக்: இந்தா. வெளிச்சத்துல வச்சு நல்லாப் பாரு. கொழும்புக்குச் சொல்லி எடுப்பிச்ச சாமான். ரப்பர்ல ஒரு கீறல் இருக்கா? சந்தேகம் தீந்திச்சா?

யோகமலர்: கூடிருச்சு. கீறல் இல்லாத புது சீல் எப்படி ஒழுகும்?

ராசிக்: பாத்தாச்சுல்ல, பெட்டியத் தா.

யோகமலர்: தக்கை எதுக்கு நானா இதுக்குள்ள?

உம்மு குல்சும்: எனக்கு சோறு பொங்கிரும், நான் போறேன்.

ராசிக்: ஆமா, இப்பப் போ. போகச் சொன்னப்ப போகாத.

யோகமலர்: ராசிக் நானா.

ராசிக்: ...எஞ்சினும் மூச்சு விடணும் புள்ள. உள்ள சேருற காத்து வெளிய வர ஒரு பைப்பு இருக்கு. அந்தப் பைப்புல இந்தத் தக்கைய இறுக்கி அடைச்சிருந்திச்சு. காத்துக்குப் போக்கெடம் இல்ல. சீல நெம்பிக்கிட்டு ஆயிலோட வெளிய வந்திருக்கு. எத்தன புதுசு போட்டாலும் நிக்காது.

யோகமலர்: யாரு அடைச்சது?

ராசிக்: எனக்கென்ன தெரியும்?

யோகமலர்: இது வைன் போத்தல் தக்கை. தோட்டத்து லயத்து வீடுகள்ல குடிக்கிறவங்க தகர மூடியப் பல்லாலக் கடிச்சுத் தொறக்கிறவங்க. இது பங்களாவுல தொறந்த போத்தல்.

ராசிக்: ஒங்க அப்பாவும் பங்களாவுக்குப் போய் வாறவர்தான். டிரைவர்தான் அடைச்சான்னு தொரை சொன்னா?

யோகமலர்: ஒங்ககிட்ட சொன்னாரா அப்படி?

ராசிக்: என்கிட்டயா... என்கிட்ட வேற சொன்னாரு.

யோகமலர்: என்னன்னு?

ராசிக்: சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. தொரைசாணிக்கு ஆயில் வாடை ஒத்துக்கலியாம். பனிக்குக் கண்ணாடிய ஏத்திவிட்டா தலைசுத்துதாம். ஒரு ஞாயித்துக்கிழம டிரைவர் இல்லாத நேரம் பொனட்டத் தொறந்து, வாடை எங்கேருந்து வருதுன்னு மோந்து பாத்து... அவரே அடைச்சாராம். நல்ல யோசனைன்னு நெனச்சாராம்.

யோகமலர்: அப்ப நாளைக்கு விசாரிக்கிற கதிரையில உக்காரப் போறதே அதச் செஞ்ச ஆளு.

ராசிக்: மெதுவா. வெளிய தோட்டத்து லொறி நிக்குது.

யோகமலர்: அந்த லொறிக்காகத்தானே நீங்க வாயத் தொறக்கல?

ராசிக்: ஆமா, அதுக்காகவும்தான். தோட்டத்து வாகனம் வரலன்னா இந்த கராஜுக்குப் பூட்டு. ஆனா... நான் மறைக்கல புள்ள. தக்கைய எடுத்த அன்னைக்கே ஒங்க அப்பாவுக்குச் சொல்லிட்டேன்.

யோகமலர்: அப்பாவுக்குத் தெரியுமா?

ராசிக்: கையில வாங்கி உருட்டிக்கிட்டே நின்னாரு. பேசவே இல்ல. அடுத்த நாள் திரும்ப வந்து, எல்லாத்தையும் தூக்கி வீசிரு ராசிக்னாரு. எனக்கு மனசு வரல, தட்டுல வச்சுட்டேன்.

யோகமலர்: மொத நாள் பேசாதவரு, அடுத்த நாள் ஏன் வீசச் சொல்றாரு? நடுவுல யாரப் பாத்தாரு?

ராசிக்: அத என்கிட்ட கேக்காத.

யோகமலர்: கேட்டாச்சு.

ராசிக்: ...படிச்சுட்டு நீ வீட்ல கெடந்தப்ப, அந்த மனுசன் இங்க வந்து ஒக்காந்து பொலம்புனது ஒனக்குத் தெரியுமா? அந்தக் கிளாக்கர் வேல ஒனக்கு எப்படி வந்துச்சுன்னு நெனச்சே? டிரைவர் மகள எந்தத் தொரை ஆபீஸ் கதிரையில ஒக்கார வச்சாரு, சொல்லு?

யோகமலர்: நீங்க சொல்லுங்க. நான் ஒருத்தர் வாயால கேக்கணும்.

ராசிக்: பேசி முடிச்சிட்டாங்க புள்ள. நாளைக்கு அப்பா, நான்தான் ஆயில் பாக்கலன்னு ஒத்துக்குவாரு. தொரை பெரிய மனசு பண்ற மாதிரி, வயசாச்சுன்னு சொல்லி ஓய்வுல அனுப்பிருவாரு. ஒனக்கு வேல. வீடும் ஒன் பேருக்கு மாறிரும். ஆருக்கு என்ன நட்டம்?

யோகமலர்: தோட்டத்துல அத்தனை பேரும், காரைக் கெடுத்தவன்னு எங்கப்பாவப் பாப்பாங்க. நான் அதே தொரைக்கு டைப் அடிச்சுக் குடுப்பேன். நட்டம் இல்லதான்.

ராசிக்: கோவத்துல பேசாத.

யோகமலர்: நாளைக்கு ஆபீஸுக்கு வந்து இதச் சொல்லுவீங்களா?

ராசிக்: மாட்டேன்.

யோகமலர்: சீலயும் தக்கையயும் நான் கொண்டு போறேன்.

ராசிக்: கொண்டு போ. என் பேரச் சொன்னா, இல்லவே இல்லன்னு சொல்லுவேன்.

யோகமலர்: அதையும் எல்லார்கிட்டயும் சொல்லத்தான் போறேன்.

ராசிக்: இந்தா, நில்லு... நில்லு புள்ள. நீ போய் வாயத் தொறந்தா திங்கக்கிழமை ஒனக்கு வேல இல்ல. அந்த மனுசன் ஒனக்காக அவமானத்த வாங்கிக்கிட்டதெல்லாம் வீணாயிரும். கொஞ்சம் யோசிச்சுட்டுப் போ.

யோகமலர்: யோசிச்சுட்டுத்தான் வந்தேன் நானா. அப்பாவுக்கு விசாரணை வந்த நேரத்துல எனக்கு வேல வந்தப்பவே சந்தேகப்பட்டேன். இன்னைக்குக் காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுல, கூடையோட அத்தனை பேரும் நிக்கிறப்ப, தொரை மூஞ்சிக்கு நேரா அந்த வேல வேணாம்னு சொல்லிட்டுத்தான் பஸ் ஏறினேன். வீட்டுக்குள்ளயே கெடக்கிற அப்பா காதுக்கு இன்னும் போயிருக்காது. நான் போய்ச் சொல்றேன், இனி எனக்காக அவரு ஒத்துக்க வேண்டியது ஒண்ணும் இல்லன்னு. பஸ்ஸுக்கு நேரமாச்சு, வர்றேன்.