வெர்னா படித்த தாள்கள்

டைப்ரைட்டரில் எனக்குப் பிழை வருவதில்லை. டுலூத் துறைமுகத்தில் கப்பலுக்கு இரும்புத்தாது ஏற்றும் கம்பெனி ஒன்றில் பதினோரு வருடம் கடிதம் அடித்தவள் நான். ஆகவே என் பெட்டியிலிருந்து நீங்கள் எடுத்த தாள்களில் இருப்பவை கைதவறி விழுந்தவை என்று எழுதிக்கொள்ள வேண்டாம்.

என் தங்கை வெர்னா என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். சர்ச் மண்டபத்துக் கிறிஸ்துமஸ் நாடகத்தில் அவள் முதன்முதலாகப் பேசியபோது, துறைமுகத்து ஆட்கள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்கள். பத்தொன்பது வயதில் நியூயார்க் மேடை. பிறகு கலிபோர்னியா, பதினான்கு படங்கள். எல்லாவற்றிலும் கதாநாயகியின் தோழி. நானும் கூடவே போனேன். அவளுக்குக் கண்பார்வை மங்கல். வசனத்தைப் பெரிய எழுத்தில் அடித்துக் கொடுத்து, எதிரே நின்று ஒப்பிக்க வைப்பது என் வேலை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தேழில் நியூயார்க்கிலிருந்து அழைப்பு வந்தது. முதல் தடவையாக நாடகம் முழுவதும் அவள் தோளில். ஒத்திகை தொடங்கிய வாரம், காபி குடிக்கும்போது சொன்னாள்.

"அக்கா, நான் எல்லிஸைக் கட்டிக்கப் போறேன். கூட நடிக்கிறவர்தானே, வசனத்தை அவரே பார்த்துக்குவார். நீ ஊருக்குப் போய் நிம்மதியா இரேன். பாவம், எத்தனை வருஷம்தான் எனக்கே உழைப்பே?"

பாவம் என்றாள். நான் அவள் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக் கொடுத்தேன்.

அன்றுமுதல் பக்கத்துக்கு ஒரு வரி மாற்றி அடித்தேன். வியாழன் செவ்வாயாகும். தங்கை தோழியாவாள். அவள் மனப்பாடம் செய்து முடித்ததும் அந்தத் தாளை எடுத்துவிட்டுச் சரியான தாளை வைப்பேன். அவள் கைபட்டதை எறிய மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

"என்னம்மா, மறுபடியும் செவ்வாயா? உன் காலண்டர்ல வேற கிழமையே கிடையாதா?" என்றார் இயக்குநர். எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாவது வாரம் யாரும் சிரிக்கவில்லை.

"சத்தியமா செவ்வாய்னுதான்க்கா இருந்துச்சு. நீதானே படிச்சுக் காட்டினே?"

"இல்லைடி, வியாழன்னுதான் படிச்சேன். அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

அம்மா நிமோனியாவில் போனாள். அப்போது வெர்னாவுக்கு மூன்று வயது.

முதல் காட்சியன்று, இரண்டாம் அங்கத்தில், நடுமேடையில் நின்றுவிட்டாள். திரையோரம் நின்ற என்னை அவள் கண்கள் தேடின. அடுத்த வரி எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. திரையை இறக்கினார்கள்.

அதன்பின் அவள் வாயில் ஒரே பேச்சு: யாரோ தாள்களை மாற்றுகிறார்கள். டாக்டர்கள் அதையே மனநோயின் அடையாளமாகக் குறித்துக்கொண்டார்கள். எல்லிஸ் பார்க்க வந்தபோதெல்லாம், அவள் தூங்குகிறாள் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். உங்களிடம் வந்து புகார் கொடுத்தது அவர்தான் என்று தெரியும். நெற்றிக்குள் மூளையை வெட்டிச் செய்யும் ஆபரேஷனுக்கு உறவினர் கையெழுத்து கேட்டார்கள். அவள் சொன்னது உண்மை என்று அறிந்த ஒரே ஆள் நான். அறிந்தே கையெழுத்துப் போட்டேன்.

இப்போது டுலூத்தில் ஏரியைப் பார்த்த அறையில் உட்கார்ந்திருக்கிறாள். ஊட்டினால் சாப்பிடுகிறாள். அவளுக்குக் கெடுதல் செய்தேன் என்கிறீர்கள். யாரோடு இருக்கப் பிடிக்கிறது என்று அவளையே கேளுங்கள். நான் தினமும் கேட்கிறேன். ஒருநாள்கூட அவள் என்னை வேண்டாம் என்று சொன்னதில்லை.