வாய் தைத்த பொம்மை

— யோவ் டெய்லரு, இன்னொரு தடவை "நடுவுல, நேரா"ன்னு சொன்னேன்னு வெச்சுக்கோ, பாப்பாவை உன் கையில கொடுத்துட்டு நான் டிப்போவுக்குப் போயிடுவேன்.

— போயேன். நேத்துப் பிள்ளை பெத்த டிரைவருக்கு எந்த டிப்போவுல பஸ் கொடுப்பாங்கன்னு நானும் பாக்குறேன்.

— கிண்டலா? வலி உனக்கா எனக்கா? பாப்பா வாயில வெச்ச உடனே சுருக்குனு குத்துது. அவளும் ரெண்டு இழுப்பு இழுத்துட்டு வீல்னு கத்துறா.

— வகுப்புல சொல்லிக் கொடுத்ததைத்தான் டிரைவரம்மா நானும் சொல்றேன். ஒரு வகுப்பு கூட விடலை நான்.

— அதான் என் வயித்தெரிச்சலே. கர்ப்பம் எனக்கு, பாடம் உனக்கு.

— உனக்குக் காலை ஷிப்டு, வகுப்பும் காலையில. கடையைச் சாத்திட்டு நான் போகலேன்னா வேற யாரு போறது? அத்தனை கர்ப்பிணிங்க நடுவுல நான் ஒருத்தன். சத்து மாத்திரை கொடுக்க வந்த அக்கா பழக்க தோஷத்துல எனக்கும் ஒரு அட்டையை நீட்டிட்டாங்க.

— வாங்கிக்கிட்டியா?

— வேணாம்னு சொல்லக் கூச்சமா இருந்துச்சு. அட, வகுப்பு சிஸ்டரே வராங்க பாரு. வாங்க சிஸ்டர், வாங்க. என் வீட்டுக்காரி இவதான்.

— ஓ, டிரைவரம்மா நீங்கதானா? உங்க வீட்டுக்காரரை மறக்க முடியுமா கண்ணு? இத்தனை வருஷமா தாய்ப்பால் வகுப்பு எடுக்கிறேன், மீசை வெச்ச ஒருத்தர் முன் வரிசையில உக்காந்து சந்தேகம் கேட்டது இதுதான் முதல் தடவை.

— உக்காருங்க சிஸ்டர். என்ன, வெள்ளை உடுப்பைக் காணோம்?

— இன்னிக்கு லீவு கண்ணு. கீழே வேற ஒரு வேலையா வந்தேன், அதை விடுங்க. வகுப்புக்கு வந்தவங்க நிறைய பேர் பெத்துட்டுப் படுத்திருக்கீங்களே, நான் சொன்னதெல்லாம் உதவுச்சா உதவலையான்னு ஒவ்வொரு கட்டிலாப் போய்க் கேட்டுக்கிட்டு வரேன்.

— லீவு நாள்ல திட்டு வாங்க வந்த முதல் ஆளு நீங்கதான். மத்தவங்க என்ன சொன்னாங்க?

— ஜன்னலோரக் கட்டில்ல இருக்கற டீச்சரம்மா முகத்துக்கு நேரா சொல்லிட்டாங்க. "தாய்ப்பால் நல்லது, நல்லதுன்னு மூச்சுக்கு மூச்சு சொன்னீங்க, எப்படிக் கொடுக்கிறதுன்னு போகிற போக்குல சொல்லிட்டுப் போயிட்டீங்க"ன்னாங்க. இன்னொரு பொண்ணு, முதல் நாள் பால் சொட்டு சொட்டாத்தான் வரும்னு சொன்னது மட்டும் ஞாபகம் இருந்துச்சாம். அதனால பயப்படாம இருந்தேன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டா. நீங்க சொல்லுங்க கண்ணு, தயங்காதீங்க.

— எனக்குத் தயக்கமா? டெய்லரு, கட்டில் திரையை இழுத்து விடு.

— சிஸ்டரைப் பாவம் விடும்மா.

— நீ சும்மா இரு. சிஸ்டர், விஷயம் இதுதான். காலையில டாக்டர் வந்தாங்க. பாப்பா இன்னும் சரியாக் குடிக்கலை, இதுவரைக்கும் பீய்ச்சிக் கரண்டியில ஊத்துனதுதான். மதியம் மறுபடி வந்து பாப்பேன், அப்பவும் குடிக்கலைன்னா புட்டிப்பால் ஆரம்பிச்சிடலாம்னு சொல்லிட்டுப் போனாங்க. தேவைப்பட்டா கொடுத்துட்டுப் போறேன், அதைக் கொடுக்கிறவங்களை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். ஆனா எனக்கு ஆசையா இருக்கு சிஸ்டர். வெக்கத்தை விட்டுச் சொல்றேன், ஒரே ஒரு தடவையாவது அவ என்கிட்ட வயிறு முட்டக் குடிச்சுட்டு மயங்கித் தூங்கணும்.

— அழாதீங்க கண்ணு. வலிக்குதா?

— உயிர் போகுது. நீங்க உங்க பிள்ளைக்குக் கொடுக்கும்போது இப்படித்தான் வலிச்சுதா?

— எனக்கு அந்த அனுபவம் இல்லைங்க. படிச்சதையும் பாத்ததையும் வெச்சுத்தான் சொல்லிக் கொடுக்கிறேன்.

— ஐயோ. தப்பாக் கேட்டுட்டேன் சிஸ்டர்.

— ஒரு தப்பும் இல்லை. வகுப்புல எல்லாரும் கேக்கிற கேள்விதான். சரி, டெய்லர் சார், வீட்ல இவங்களுக்கு எப்படிச் சொல்லிக் கொடுத்தீங்க? செஞ்சு காட்டுங்க பாப்போம்.

— தலையணையில காட்டினேங்க. துணிக்குப் போடற சாக்பீஸால தலையணையில ஒரு வட்டம் போட்டு, இதுதான் பாப்பா வாய்னு வெச்சுக்கிட்டேன். ஊசிக்காதுல நூல் கோக்கிற மாதிரி, நுனியை அப்படியே நடுவுல, நேரா, அளவு பிசகாம...

— கோக்கிறதா?

— ஆமாங்க.

— நான் எப்போ சார் கோக்கச் சொன்னேன்? கோத்தா நுனியைத்தான் கடிப்பா. அம்மாவுக்கு வலிக்கும், பாப்பாவுக்குப் பாலும் வராது.

— யோவ் டெய்லரு. நேத்துலேர்ந்து என்னை ஊசி நூலாவா வெச்சிருந்தே?

— இரும்மா. சிஸ்டர், நீங்க கோக்கச் சொல்லலை, வாஸ்தவம். ஆனா பொம்மையை வெச்சுக் காட்டினீங்க பாருங்க, அதைப் பாத்து நான் அப்படித்தான் புரிஞ்சுக்கிட்டேன்.

— வாயை அகலமாத் திறக்கிற வரைக்கும் காத்திருங்கன்னு ஒவ்வொரு வகுப்புலயும் சொல்றேனே.

— சொன்னீங்க. சொல்லிக்கிட்டே பொம்மையை மார்ல வெச்சுட்டீங்க. நீங்க காத்திருக்கலை. காத்திருந்தாலும் அது திறக்காதுங்க. அதுக்கு வாயே கிடையாது, சிவப்பு நூல்ல ஒரு கோடு. தையல்காரன் கண்ணு, முதல்ல அதுலதான் போய் நின்னுச்சு. நெருக்கமான சங்கிலித் தையல், சொல்லப்போனா நல்ல தையல். மூடித் தைச்ச வாயில வேற எப்படி வைக்கிறதுன்னு நானே யோசிச்சு யோசிச்சு, நடுவுல வெச்சாத்தான் சரியா வரும்னு முடிவு பண்ணிட்டேன்.

— ஒரு தடவை கேட்டிருக்கக் கூடாதா சார்?

— கேக்கத்தான் நினைச்சேன். சுத்தி அத்தனை பொம்பளைங்க இருக்கும்போது, வாய்க்குள்ள எது வரைக்கும் போகணும்னு ஆம்பளை எப்படிங்க கேக்கிறது?

— சிஸ்டர், ஏன் நெத்தியில அடிச்சுக்கறீங்க?

— ஒண்ணுமில்லை கண்ணு. எத்தனை வருஷம் அந்தப் பொம்மையைத் தூக்கிச் சுமந்திருப்பேன். துவைச்சுக் காயப்போட்டது கூட நான்தான். அதோட வாயை ஒரு நாள் கூட நான் பாக்கலை பாருங்க.

— வருத்தமெல்லாம் அப்புறம் வெச்சுக்கலாம். டாக்டர் வந்துருவாங்க, பாப்பா மேடம் வேற கையைச் சப்ப ஆரம்பிச்சுட்டா.

— கையைச் சப்பினா பசி வந்திடுச்சுன்னு அர்த்தம். நல்ல நேரம்தான். முதல்ல நீங்க ஏன் இப்படிக் கூனிக் குறுகி உக்காந்திருக்கீங்க?

— அவகிட்டக் குனிஞ்சாத்தானே கொடுக்க முடியும்?

— குனியவே கூடாது. நல்லாச் சாஞ்சு உக்காருங்க. நீங்க பாப்பாகிட்டப் போகக் கூடாது, பாப்பாதான் உங்ககிட்ட வரணும்.

— அட. சீட்டை முன்னாடி இழுக்காம ஸ்டியரிங்கு மேல போய்ப் படுத்துக்கிட்டு இருந்திருக்கேன். புதுசா ஓட்ட வர்ற பசங்களை இதுக்குத்தான் நான் திட்டுவேன். டெய்லரு, முதுகுக்கு அந்தத் தலையணையைக் கொடு.

— வட்டம் போட்டது வீட்ல இருக்கு, இது சுத்தமானது.

— பாப்பா வயிறு உங்க வயித்தோட ஒட்டி இருக்கட்டும், சரிங்களா? தலையை மட்டும் திருப்பக் கூடாது, ஆளையே திருப்புங்க. கழுத்துக்குப் பின்னாடி கை. பின்மண்டையை அமுக்காதீங்க. இப்போ காம்பு அவ மூக்குக்கு நேரா.

— மூக்குக்கா? இவரு நடுவுலன்னு...

— அவரை மறந்துடுங்க. மூக்குக்கு நேரா வெச்சு, மேல் உதட்டுல லேசாத் தடவுங்க. அவ்வளவுதான். இனிமே காத்திருக்கணும்.

— திறந்துட்டா.

— அது போதாது. இன்னும் காத்திருங்க. கொட்டாவி விடற மாதிரித் திறக்கணும்.

— என்ன சிஸ்டர், சிக்னலை விட மோசமா இருக்கு.

— பொறும்மா, பொறு. உனக்கு எப்பவுமே அவசரம்.

— நீ ஹார்ன் அடிக்காதய்யா.

— பாருங்க, பாருங்க. இதோ பெருசாத் திறக்கிறா. இப்போ கொண்டு வாங்க. தாடை முதல்ல படட்டும். இன்னும் கிட்ட. அந்தக் கறுப்பு வளையம் கீழ்ப்பக்கம் நல்லா உள்ளே போகட்டும். அப்படித்தான். கையை எடுக்காதீங்க. வலிக்குதா?

— இருங்க.

— என்னம்மா ஆச்சு? ஏன் கண்ணை மூடிக்கிட்டே?

— பேசாதய்யா. வலிக்கலை சிஸ்டர். முதல்ல கொஞ்சம் சுருக்குன்னுச்சு, இப்போ இல்லை. இழுக்குறா. யோவ், இழுக்குறாய்யா.

— காதைக் கிட்ட வெச்சுக் கேளுங்க சார். முழுங்குற சத்தம் கேக்குதா?

— கேக்குதுங்க. க்ளுக்குனு ஒண்ணு. நிறுத்துறா. மறுபடி ஒண்ணு. என் மிஷின் கூட இவ்வளவு அழகா ஓடினதில்லை.

— இவ்வளவு சின்னத் தாடைக்கு இவ்வளவு பலமா? சிஸ்டர், எனக்குச் சிரிப்பா வருது, அழுகையும் வருது. ஒரு பஸ்ஸு நிறைய ஆளை ஏத்திக்கிட்டு மேடேறும்போது கூட இப்படிப் பெருமையா இருந்ததில்லை.

— ரெண்டையும் சேத்தே செய்யுங்க கண்ணு, பாப்பாவை மட்டும் ஆட்டாதீங்க.

— டெய்லரு, நீ ஏன்யா அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டே?

— தூசி விழுந்துடுச்சு.

— காலையிலதான் ரெண்டு தடவை துடைச்சாங்க. எந்தத் தூசி? வா இப்படி. கிட்ட வா. கோக்கச் சொன்னதுக்கு உன்னை மன்னிச்சுட்டேன்.

— சிஸ்டர், நான் ஒண்ணு சொல்லலாங்களா? அந்தப் பொம்மையை விட்டுடுங்க. நான் ஒண்ணு தைச்சுத் தரேன். வாய் திறக்கிற மாதிரி, உதட்டுக்கு எலாஸ்டிக், உள்ளே நாக்குக்கு மெத்துனு துணி. உள்ளே மணல் மூட்டை வெச்சு நிஜப் பாப்பா கனத்துக்கே பண்ணிடறேன். கழுத்தும் நிக்காம ஆடணும்.

— அழற மாதிரியும் பண்ணுய்யா. காது கிழியணும். அப்பத்தான் பாடம் பாடமா இருக்கும்.

— அழறதுக்கு நான் வகுப்புக்கு வரேன், அது போதும்.

— சிஸ்டர், என் கருத்தையும் முடிச்சிடறேன். வகுப்பைச் சாயங்காலமும் வைங்க, வேலைக்குப் போறவளும் வரட்டும். எல்லாரும் டெய்லரைக் கட்டிக்கிட முடியாது. அப்புறம் எப்படிப் பிடிக்கணும்னு எங்களையே செஞ்சு பாக்கச் சொல்லுங்க. கிளட்ச்சை மிதிக்காம யாரும் வண்டி கத்துக்கிட்டதில்லை. ஆனா நீங்க சொன்னதுல ஒண்ணுதான் என்னை நேத்து ராத்திரி காப்பாத்துச்சு. என் வீட்டுக்காரர் வந்து ஒப்பிச்சாரு, "வரலைன்னா உன் தப்பு இல்லை, யாரையாவது கூப்பிடு"ன்னு சிஸ்டர் சொன்னாங்கன்னு.

— அதை அவர் சொன்னாரா?

— அட்சரம் பிசகாமச் சொன்னேங்க. அது பொம்மையைப் பாத்துக் கத்துக்கிட்டதில்லையே.

— ரொம்ப நன்றி சார். டாக்டர் வர்ற நேரமாச்சு, நான் கிளம்புறேன். பாப்பா தானா விடற வரைக்கும் இழுக்காதீங்க கண்ணு. சார், அந்தப் பொம்மையை ஒண்ணுக்கு ரெண்டாத் தைச்சுத் தர முடியுமா?

— தாராளமா. ரெண்டாவது எந்த வார்டுக்குங்க?

— எங்க வீட்டுக்கு. இத்தனை வருஷம் கழிச்சு, இன்னிக்குக் காலையில கீழே ஸ்கேன்லதான் என் வயித்துப் பிள்ளையோட நெஞ்சுத் துடிப்பைக் காட்டினாங்க. எங்க வீட்டுக்காரருக்கே இன்னும் தெரியாது, அடுத்த வகுப்புல உங்க நாற்காலியில அவரைத்தான் உக்கார வைக்கப் போறேன்.