கழுவிய பாட்டிலுக்குக் கடையில் இடமில்லையா?

வல்லத்திராக்கோட்டை மந்தையிலே, வெயில் தாழ்ந்த இந்த வேளையிலே, வீட்டு வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு விரைந்து வந்திருக்கும் என் வீரத் திருக்கூட்டமே! தலைமை ஏற்றிருக்கும் மகளிர் குழுத் தலைவி, தலை தாழ்ந்து பழகாத அம்மையார் முத்துமாரியம்மாள் அவர்களே! பந்தலும் மைக்செட்டும் தந்துதவிய ஐயா பெரியண்ணன் அவர்களே! பிள்ளையை இடுப்பிலும் பெருங்கவலையை நெஞ்சிலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! அங்கிட்டு டீக்கடை ஓரமாக நின்று, "இந்தத் தையல்கடை கௌசல்யா என்னத்தப் பேசிக் கிழிக்கப் போவுது" என்று காத்திருக்கும் தம்பிமார்களே! கிழிக்கத்தான் வந்திருக்கிறேன், வணக்கம்!

முன்வரிசையைப் பாருங்கள். கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாரே, என் மதினி பிரகதாம்பாள், நாற்று முடியைக் கையில் பிடித்தபடி நடவு வயலில் இறங்கியவர். சேற்றுக்குள் கிடந்தது உடைந்த மதுப்பாட்டில். பாதம் பிளந்தது. பெரியாஸ்பத்திரியில் தையல் போட்டு, ஆறும்வரை சேற்றில் கால் வைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சேற்றில் கால் வைக்காமல் நடவு நடுவது எப்படி ஐயா? கூலிக்கு நடுகிற குடும்பத்துக்கு நடவுக்காலம் போனால் அப்புறம் என்ன இருக்கிறது?

இதைத் தடுக்கத்தானே திட்டம் வந்தது? மதுக்கடையில் பாட்டிலுக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குவோம், ஸ்டிக்கரோடு காலிப் பாட்டிலைக் கொண்டுவந்தால் திருப்பித் தருவோம் என்றார்கள். நானும் கைதட்டினேன், மறுக்கவில்லை. ஆனால் குடித்தவன் கொண்டுபோய்க் கொடுத்தானா? வரப்பிலே குடிக்கிறான், வாய்க்காலிலே வீசுகிறான், வண்டியை முறுக்கிக்கொண்டு போய்விடுகிறான்! என்ன தம்பி, அங்கே தலையைக் குனிகிறீர்கள்? பேர் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள்.

அவன் செய்யாததை நாம் செய்வோம் என்று நடவுப் பெண்கள் வயல் வயலாகப் பொறுக்கினார்கள். சாக்கு சாக்காகச் சேர்த்தார்கள். சேர்த்துவிட்டு என்ன செய்தார்கள் தெரியுமா? கழுவினார்கள்! பக்கத்து வீட்டில் குழம்பு வாங்கிய கிண்ணத்தைக்கூட விளக்காமல் திருப்பிக் கொடுத்தறியாத கைகள் அல்லவா அவை? அடுத்தவர் பொருளை அழுக்காகவா கொடுப்பது என்று அடிபம்பில் வைத்து, தேங்காய் நாரைப் போட்டுத் தேய்த்தார்கள். சேறு போனது, நாற்றம் போனது, கடைக்காரர் ஒட்டிய ஸ்டிக்கரும் கூடவே போனது!

முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அந்தக் கடை வரிசையில் போய் நின்றார்கள். நீயும் ஆரம்பித்துவிட்டாயா என்று ஒருவன் கேலி பேசினான். பொறுத்துக்கொண்டார்கள். விற்பனையாளரோ பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸ்டிக்கர் இல்லாததை வாங்கினால் என் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்றார். அவரும் நம்மைப் போல உழைத்துப் பிழைப்பவர், அவர்மீது எனக்குக் கோபமில்லை. காலில் கட்டோடு நின்ற மதினி அவரிடம் கேட்டது இவ்வளவுதான்: "காசு வேணாங்க. பாட்டிலை மட்டும் வாங்கி வச்சுக்கங்க. மறுபடி வயலுக்கு வராம இருந்தாப் போதும்."

அதற்கும் விதியில் வழியில்லையாம். "எங்கிட்டாவது கொண்டுபோய்ப் போடுங்கக்கா" என்றார். அத்தனை சாக்கையும் இழுத்துக்கொண்டு திரும்பி நடந்ததில் மதினிக்குத் தையல் விட்டுப்போனது.

எங்கிட்டாவது என்றால் எங்கே? விதி எழுதியவர் வீட்டு வாசலா? அவர் காலாற நடக்கும் பூங்காவா? இல்லை ஐயா, இல்லை! எங்கள் வயல்! எங்கள் வாய்க்கால்! எங்கள் பாதம்! ஸ்டிக்கர் உரிந்துபோனால் கண்ணாடியின் கூர் மழுங்கிவிடுமா? விற்கும்போது உங்கள் பாட்டில், உடையும்போது மட்டும் எங்கள் பாட்டிலா? எனக்கு வயிறு எரிகிறது, அதை மறைக்க நான் இங்கே வரவில்லை.

ஆகவே நாளைப் பகலில் கடை ஷட்டரைத் தூக்கும்போது சாக்குகளோடு நாம் அங்கே இருப்போம். ஒரு பாட்டிலையும் உடைக்க மாட்டோம். வாசலில் அடுக்கிவைத்து அமர்வோம். ஸ்டிக்கர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாங்கிக்கொள்கிறோம் என்று அதிகாரி வந்து சொல்லும்வரை அசைய மாட்டோம்!

நேற்று மதினியிடம், இனிமேல் கழுவாமலே கொண்டுபோவோமா என்று கேட்டுப் பார்த்தேன். என்னை முறைத்தார். "அவுக எப்படியும் இருந்துட்டுப் போறாக. நான் அழுக்காக் கொடுக்க மாட்டேன்" என்றார். கேட்டீர்களா? கழுவித்தான் கொடுப்போம், அவர்கள் வாங்கித்தான் ஆகவேண்டும்!

வரிசையில் முதல் ஆள் பிரகதாம்பாள். அவரால் இப்போது நடக்க முடியாது. நாற்காலியோடு தூக்கிப்போக நாலு பேர் வேண்டும். டீக்கடைத் தம்பிகளே, வாய்க்காலில் பாட்டிலை வீசிய கைகள் உங்களுக்குள் இருக்கின்றன. அந்தக் கைகள் முதலில் வரட்டும்!

வரப்போகும் அந்தக் கைகளுக்கும், பொறுமையோடு செவி தந்த இந்தச் சபைக்கும் நன்றி சொல்லி, நாளை கடைவாசலில் கூப்ப வேண்டிய கரத்தை இன்றே உங்கள் முன் கூப்புகிறேன். வணக்கம்!