இடப்பக்கப் பொக்கற்

– பாருங்கோ, திரும்பவும் கை சட்டைப் பொக்கற்றுக்குப் போகுது! அறைக்குள்ளை ஆமி வந்து ஐடென்டிற்றி காட் கேக்கப்போறானே?

– பழக்கம், அன்னம்.

– கண்டறியாத பழக்கம். சோறு தின்னேக்கையும் இடக்கை அங்கைதான், நித்திரையிலும் அங்கைதான். வெள்ளவத்தைச் சனம் முழுக்கக் காட்டைப் பொத்திக்கொண்டுதான் திரியுது. ஆனா றோட்டிலை.

– அந்த யன்னலை நல்லாத் திறந்துவிடும். கடல் கிட்ட வந்திட்டுது போலை கிடக்கு.

– கடல் தண்டவாளத்துக்கு அங்காலை, கிடந்த இடத்திலைதான் கிடக்கு.

– இப்ப ஒரு கோச்சி போச்சுது. சத்தமே இல்லை, பஞ்சுக்குள்ளாலை போன மாதிரி. கட்டிலும் மெல்ல மெல்ல ஆடுது. நாங்கள் வெளிக்கிட்டிட்டமோ?

– எங்கை வெளிக்கிடுறது? நாளைக்கு மெடிக்கல். அது பாஸ் பண்ணினால்தான் விசா. விசா வந்தால்தான் கனடா, மகன், பேரன் எல்லாம்.

– கண்ணை மூடினா ஒரு செக்பொயின்ற் வருது, அன்னம். கடலுக்கு நடுவிலை. முழங்கால் தண்ணியிலை நிண்டு ஒரு ஆமிப் பெடியன் காட்டைக் கேக்கிறான். பொக்கற்றுக்கை கையை விட்டால் காட் இல்லை. ஒரு குருவிக் குஞ்சு. சூடாத் துடிச்சுக்கொண்டு கிடக்கு. விட்டால் பறந்திடும் எண்டு பொத்திப் பிடிக்கிறன்.

– பிறகு?

– அவனும் பார்த்துக்கொண்டு நிக்கிறான்.

– சாப்பிட்ட கையோடை நாலு வடை திண்டா குருவி என்ன, மயிலும் வரும். இந்தாங்கோ, இஞ்சிப் பிளேன்ரீ. வாயுதான், பறிஞ்சிடும்.

– வேண்டாம். ஓங்காளிக்குது.

– என்னப்பா இது, நெத்தி ஐஸ் மாதிரிக் குளிருது, ஆனா வேர்த்து ஊத்துது!

– அன்னம், கதவு தெறந்து கெடந்துச்சு, அதான் வந்தேன். வீட்டுக்காரின்னு நான் குடுக்கிற பொலிஸ் பதிவு பேப்பர்ல உங்க ரெண்டு பேர் சைனும் வேணும். என்ன மென், மூஞ்சி ரெண்டும் இப்பிடி இருக்கு?

– டோரின் அக்கா, நல்ல நேரம் மேலையிருந்து இறங்கி வந்தியள்! முப்பது வருசம் நேர்ஸா இருந்தனீங்கள், இவரை ஒருக்காப் பாருங்கோ. வாயு எண்டுதான் நான்...

– மிஸ்டர் சிவபாதம், என்னைப் பாருங்க. நெஞ்சுல எப்பிடி இருக்கு?

– நோவு எண்டு சொல்லேலாது, மிஸ். ஆரோ மேலை ஏறி இருக்கிற மாதிரி. மெத்தெண்டு, பாரமா.

– வேற எங்க?

– நாடியிலை, தாடைப் பக்கம், ஒரு உளைவு. பல்லு வேர் உளையிற மாதிரி. பிறகு இந்தக் கை, முழங்கை மட்டும்.

– மூச்சு?

– படி ஏறினால் இளைக்கும். இண்டைக்குப் படுத்திருக்கவும் இளைக்குது.

– வாயு இல்ல மென், இது ஹார்ட்! அன்னம், அந்த பிளேன்ரீயத் தூர வைங்க. அவரைப் படுக்க விடாதீங்க, முதுகுக்குத் தலகாணி குடுத்து இருத்துங்க. மஹ்ரூப்! மஹ்ரூப்! வாசல்ல நிக்கிற உங்க த்ரீவீலத் திருப்புங்க, ஆஸ்பத்திரிக்கு!

– ஆஸ்பத்திரிக்கு வேண்டாம், மிஸ். ஒரு நாள் பொறுங்கோ.

– ஒரு மணித்தியாலம்கூடப் பொறுக்க ஏலாது, மென்! அஸ்பிரின் குடிச்சா உங்களுக்கு ஏதும் செய்யுமா? வயித்துல புண், அப்பிடி?

– இல்லை.

– அப்ப இத மென்னு முழுங்குங்க, என் பர்ஸ்ல எப்பவும் கெடக்கும். ப்ரெஷர் குளிச ஒழுங்காக் குடிக்கிறீங்களா?

– குடிக்கிறார் அக்கா, நான்தானே காலமை காலமை எடுத்துக் குடுக்கிறன்.

– இல்லை, அன்னம். நீர் அங்காலை திரும்பினவுடனை யன்னலாலை எறிஞ்சனான். ஒரு மாதமா.

– ஐயோ! ஏன்?

– மெடிக்கல்லை இரத்தம் எடுப்பினம், குளிசை தெரியவரும் எண்டு பயம். ஹார்ட் எண்டு ஒரு துண்டிலை எழுதினால் காணும், ஃபைலை மூடிப்போடுவாங்கள். இப்ப ஆஸ்பத்திரிக்குப் போனால் எழுதத்தானே செய்வாங்கள்?

– குளிசய நிப்பாட்டினா ப்ரெஷர் போகுமா மென்? ஏறும்! ரெண்டு வருசமா செக்பொயின்ற்றுக்குப் பயந்து ரூமுக்குள்ளயே, ஒரு நட இல்ல. அதுக்கு மேல சிகரெட், வடை. நான் மேல இருந்து பாத்துக்கிட்டே இருந்தேன், என் வாய்க்குப் பூட்டு!

– நாளைக்கு ஒரு நாள், மிஸ். பேரனை ஒருக்காத் தூக்கினால் காணும். பிறகு எழும்பாட்டிலும் பரவாயில்லை.

– வாயை மூடுங்கோ! நான் ஆரோடை போய் அந்தப் பனியிலை நிக்கிறது? கனடா வேண்டாம். உந்த ஃபைலை நானே கடலிலை போடுறன். எழும்பாதேங்கோ, நடக்கவும் வேண்டாம், கதிரையிலை இருத்தித் தூக்கிறம். டோரின் அக்கா, நீங்கள் அந்தப் பக்கம் கதிரையைப் பிடியுங்கோ.

– அன்னம்...

– கதைக்காதேங்கோ. மஹ்ரூப் தம்பி, முன்னுக்குப் பிடியும், அலுங்காமல் இறக்குவம். மெதுவா. அப்பிடித்தான்.

– வீல் நல்லா மிதக்குது, அன்னம். கடல் றோட்டுக்கு வந்திட்டுது.

– ஓம், வந்திட்டுது. என்ரை தோளிலை சாயுங்கோ. கண்ணை மட்டும் மூடாதேங்கோ.

– மஹ்ரூப், ஸ்லோ பண்ணுங்க, செக்பொயின்ற். மல்லி, ஹார்ட் லெடெக்! இக்மனட்ட யன்ன ஓன! சரி, சரி. அன்னம், ஹார்ட் நோயாளி, அவசரம்னு சிங்களத்துல சொல்லிட்டேன், விடுவானாம், காட்ட மட்டும் ஒருக்காக் காட்டட்டுமாம். கெதியா!

– இவரின்ரை பொக்கற்றுக்கை கிடக்கு. கையை எடுங்கோப்பா. எடுங்கோ, நான் எடுத்துக் குடுக்கிறன். இதுக்குள்ளை ஒண்டும் இல்லையே! காட் எங்கை? ஐயோ, சனிக்கிழமை ஃபோட்டோக்கொப்பி அடிக்க நான்தானே வாங்கினனான். என்ரை ஹான்ட்பாக்குக்கை, பாஸ்போட்டோடை... இந்தா அக்கா, குடுங்கோ. இஞ்சருங்கோ, நாலு நாளா வெறும் பொக்கற்றையோ பொத்திக்கொண்டு இருந்தனீங்கள்?

– காட் இல்லை எண்டு சனிக்கிழமையே எனக்குத் தெரியும், அன்னம். நான் பொத்தினது நெஞ்சை; காட்டைத்தான் தடவுறன் எண்டு நினைச்சு நீர் பேசிக்கொண்டிருந்தனீர். பேசட்டும், பயப்படாமல் இருக்கட்டும் எண்டு கையை எடுக்காமலே இருந்தனான்.